பாட்டுக்குத் தாளமா? தாளத்துக்குப் பாட்டா?

கருவி என்பது கையின் நீட்சி. கை தலைமை தாங்கும்வரை கருவி நன்மையே செய்யும். கருவி தலைமையேற்றுக் கை அதன் ஏவலுக்குக் காத்து நிற்கும் நிலை வருமாயின், அன்றே தொழில் நலியும். தொழிலோடு தொழிலாளியும் நலிவான். முடிவில் அத்தொழிலால் சிறந்து விளங்கிய மக்களின் தனித்தன்மையும் தேய்ந்தொழியும். உழவுக்கும் நெசவுக்கும் பொருந்தும் இவ்வுண்மை இசைக்கும் பொருந்தும். இசையுள்ளும் அதன் முதுகெலும்பாகிய தாளத்துக்கு இன்று மிகமிகப் பொருந்தும்.

செயற்கை நுண்ணறிவு என்னும் பெயரால் இசைத்துறையில் புதியதொரு வாணிகம் பெருகி வருகின்றது. பாடகர் ஒருவர் தம் பாட்டைத் தனியே பாடிப் பதிந்து கணினியில் இட்டால் போதுமாம். கணினி அப்பாட்டைக் கேட்டு, அதன் விரைவைக் கண்டு, அதற்கேற்ற தாளத்தைத் தாளப்பொறியின் ஒலிகளால் தானே கோத்துத் தந்துவிடுமாம். முழவர் வேண்டா, அவர்க்கு ஊதியம் வேண்டா, ஒத்திகை வேண்டா, ஒருவர்க்காக ஒருவர் காத்திருத்தலும் வேண்டா. இவ்வாறு விற்போர் சொல்கின்றனர். வாங்குவோரும் வியந்து தலையசைக்கின்றனர்.

கேட்கச் செவிக்கு இனிமையாகத்தான் இருக்கின்றது. ஆனால், பாட்டுக்கேற்ற தாளம் என்று அவர்கள் சொல்லும் சொல்லுக்குள் பொய்யொன்று ஒளிந்து கிடக்கின்றது. பல வேளைகளில் அப்பொறி பாட்டுக்குத் தாளம் அமைப்பதில்லை. தன்னிடம் உள்ள தாளத்துக்குப் பாட்டை வளைக்கின்றது. செருப்புக்குத் தக்கபடி காலைத் தறிப்பார் உண்டோ என்று தமிழ்நாட்டுப் பழமொழி கேட்கும். உண்டு என்று விடை சொல்கின்றது இன்றைய வாணிகம்.

பொறி கேட்பது எது?

பொறிக்குப் பாட்டுத் தெரியாது. அதற்குக் கிட்டுவது ஒலியலையின் எண்வரிசை மட்டுமே. அவ்வரிசையை நொடிக்கு நூறு கூறு என்னும் அளவில் நறுக்கி, ஒலியின் வலிமை சட்டென்று பெருகும் இடங்களை அது முதலில் தேடுகின்றது. சொல் தொடங்கும் இடமும், கை தட்டும் இடமும், நரம்பு மீட்டும் இடமும் அதற்கு மேடுகளாகத் தோன்றும். அம்மேடுகள் எவ்வளவு இடைவெளிக்கு ஒருமுறை மீண்டும் மீண்டும் வருகின்றன என்று அடுத்துக் கணக்கிடுகின்றது. அவ்விடைவெளியே பாட்டின் விரைவு என்று முடிவு கட்டுகின்றது. பின்னர், அத்தட்டுகளுள் தாளவட்டத்தின் முதல் தட்டு எது என்று உய்த்துணர முயல்கின்றது. இறுதியாக, முன்பே பயின்று வைத்துள்ள தாளக் கோவைகளுள் ஒன்றையோ, அவற்றைக் கலந்து செய்த புதுக்கோவை ஒன்றையோ, அத்தட்டுகளின்மேல் அடுக்குகின்றது. இத்தகைய தட்டறியும் மென்பொருளைச் சப்பான் நாட்டு அறிஞர் மசதாகா கோட்டோ 1990களிலேயே உருவாக்கினார். 2010களில் நரம்புவலைக் கணிப்பு முறை இத்துறையில் பரவியபின் கணிப்பின் கூர்மை பெரிதும் வளர்ந்தது.

இவ்வளவும் மெய்யான அறிவுழைப்பின் விளைவே. அதை இகழ்வது அறியாமையாகும். ஆனால் அவ்வறிவுக்கு எல்லை உண்டு என்பதை விற்போர் மறைக்கின்றனர். நிமையத்துக்கு 70 தட்டு நடக்கும் பாட்டை 140 என்று இருமடங்காகவோ, 140 தட்டு நடக்கும் பாட்டை 70 என்று பாதியாகவோ கொள்வது அப்பொறிகளின் நெடுநாளைய பிழை. எண்ணளவில் பார்த்தால் அது சிறு பிழை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும். செவியளவில் பார்த்தால் அது பெரும்பிழை. தாலாட்டின்மேல் ஓட்டக் குதிரையின் குளம்படியை ஏற்றினாற்போல அது முடியும். குழந்தை உறங்குமா என்று பொறிக்குத் தெரியாது; உறங்க வைப்பதற்கே அப்பாட்டு என்பதும் அதற்குத் தெரியாது.

தட்டறிந்தபின் வழி இரண்டாகப் பிரிகின்றது. பாடகரின் விரைவு ஓரிடத்தில் தளர்ந்தும் ஓரிடத்தில் முடுகியும் செல்லும். உயிருள்ள குரலுக்கு அது இயல்பு. அத்தளர்வையும் முடுக்கையும் அப்படியே கணக்கில் கொண்டு, தாளத்தை அதன்பின் நடக்கச் செய்வது ஒரு வழி. ஒத்த அளவுள்ள கட்டங்களை முதலில் வரைந்துகொண்டு, பாடகரின் ஒவ்வொரு சொல்லையும் இழுத்தோ சுருக்கியோ அக்கட்டங்களுள் திணிப்பது மற்றொரு வழி. ஆப்பிள் நிறுவனத்தின் இசைப்பதிவு மென்பொருளில் 2018 முதல் இரு வழிகளுக்கும் இடமுண்டு. ஆகவே, பாட்டின்பின் தாளம் நடப்பது கருவியால் இயலாததன்று. இயலும் ஒன்றை விட்டுவிட்டு எளிய ஒன்றைப் பிடித்துக்கொள்வது மாந்தர் செய்யும் தெரிவு. கட்டத்துள் அடைபட்ட பாட்டை வெட்டலாம், ஒட்டலாம், வேறொரு பாட்டோடு பிணைக்கலாம், விற்கலாம். தன் நடையில் நடக்கும் பாட்டை அவ்வாறு துண்டாட இயலாது. இங்கே ஆள்வது இசையறிவன்று, சந்தை.

பொறி வந்த வழி

இந்நிலை ஒரே நாளில் வந்ததன்று. அமெரிக்க இசையறிஞர் என்றி கவல் வேண்டியதற்கிணங்க உருசிய அறிவியலர் லியோன் தெரமின் 1931-ஆம் ஆண்டளவில் தாளப்பொறி ஒன்றைச் செய்தார். இரிதமிக்கான் என்னும் அப்பொறி 16 வேறுவேறு கால அளவுகளை ஒரே வேளையில் ஒலிக்க வல்லது. மாந்தக் கைகளால் எட்டவியலாத தாளப் பின்னல்களை எட்டிப் பார்ப்பதே கவலின் நோக்கம். எனவே, தாளப்பொறியின் முதல் நோக்கம் தாளத்தை விரிவாக்குவதாகவே இருந்தது என்பதை நினைவில் இருத்த வேண்டும்.

வாணிகம் அதைத் தலைகீழாக்கிற்று. 1959-இல் அமெரிக்காவின் வுர்லிட்சர் நிறுவனம் சைடுமேன் என்னும் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சுழலும் வட்டத்தட்டும் மின்தொடுமுனைகளும் கொண்ட அப்பெட்டி, முன்பே அமைக்கப்பட்ட சில நடனத் தாளங்களை மட்டும் ஓயாமல் ஒலித்தது. முழவருக்கு மாற்றாக அப்பெட்டி அமர்த்தப்படுவதை அந்நாட்டு இசைவாணர் கூட்டமைப்பு கண்டித்தது. பொழுதுபோக்கு விடுதிகளின் உடைமையாளர்க்கோ மகிழ்ச்சி. பெட்டி உண்ணாது, உறங்காது, ஊதிய உயர்வும் கேளாது.

1980-இல் இரண்டு பொறிகள் வந்தன. ஒன்று, சப்பானின் உரோலண்டு நிறுவனம் செய்த 808 என்னும் பொறி. மின்சுற்றுகளால் முழவொலி போன்ற ஒலியைப் பிறப்பித்த அப்பொறியில் 16 படிகளைக் கொண்ட வரிசையில் தாளத்தை அமைத்துக்கொள்ளலாம். மற்றொன்று, அமெரிக்கரான உரோசர் லின் செய்தது. மெய்யான முழவுகளின் ஒலியைப் பதிந்து எண்களாக்கி ஒலித்த முதல் தாளப்பொறி அதுவே. கட்டத்துள் நெறிப்பட விழும் அடிகள் உயிரற்று ஒலிப்பதை லின் உணர்ந்தார். உணர்ந்து, ஒன்றுவிட்டொன்றாக வரும் அடிகளை நூலிழையளவு தாழ்த்தி விழச்செய்யும் ஏற்பாட்டைத் தம் பொறியிலேயே அமைத்தார். பொறியைச் செய்தவரே, கட்டத்துக்கு வெளியில்தான் உயிர் இருக்கின்றது என்று ஒப்புக்கொண்ட ஒப்புதல் அது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் விற்போர் செவிகளில் அவ்வொப்புதல் ஏறவில்லை.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 808 பொறி அன்று சந்தையில் வெற்றி பெறவில்லை. 1983-இல் அதன் ஆக்கம் நிறுத்தப்பட்டது. பழம்பொருளாகக் குறைந்த விலைக்கு வந்த அதை அமெரிக்கக் கறுப்பின இளைஞர் வாங்கினர். அப்பொறியிடம் தம் இசையை அவர்கள் ஒப்படைத்துவிடவில்லை. பொறியைத் தம் இசைக்கு ஏவல் கொண்டனர். தம் தெருவின் பேச்சு நடையையும் தம் முன்னோரின் தாளச் செல்வத்தையும் அதன்மேல் ஏற்றிப் புத்திசை படைத்தனர். பொறி கெட்டது என்பதன்று இங்குள்ள வழக்கு. பொறியை யார் ஆள்கின்றனர், பொறிக்கு யார் ஆட்படுகின்றனர் என்பதே வழக்கு.

அடித்தவன் பெயர் எங்கே?

கட்டத்துக்கு வெளியிலுள்ள உயிரைப் பொறிக்குள் கொண்டுவர வேண்டுமாயின், உயிருள்ள முழவனின் கையிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். அவ்வாறு எடுத்தவர்கள் என்ன கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

1969-இல் அமெரிக்காவின் வின்சுடன்சு இசைக்குழு வெளியிட்ட இசைத்தட்டொன்றின் பின்பக்கத்தில், கிரிகோரி கோல்மன் என்னும் கறுப்பின முழவர் ஏறத்தாழ 7 நொடி தனியே முழங்கினார். நான்கே தாளவட்டங்கள். 1980களில் ஒலித்துணுக்கை வெட்டியெடுத்து மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்யும் பொறிகள் மலிந்தபோது அந்த 7 நொடி உலகெங்கும் பரவிற்று. ஆயிரக்கணக்கான பாட்டுகள் அதன்மேல் எழுந்தன. அதை அடித்தளமாகக் கொண்டு பிரித்தானியாவில் புதிய இசை வகைகளே தோன்றின. கோல்மன் அதனால் பெற்ற பங்கு ஒன்றுமில்லை. 2006-இல் வீடற்ற வறியராக அவர் மறைந்தார். 2015-இல் பிரித்தானிய இசையாளர் சிலர் மனம் நொந்து பொதுமக்களிடம் 24,000 பவுண்டு திரட்டி அக்குழுவின் தலைவர்க்கு அளித்தனர். அப்போது முழங்கிய கை மண்ணாகி ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

கிளைடு இசுடப்பிள்பீல்டு என்பவர் சேம்சு பிரவுனின் இசைக்குழுவில் முழவர். 1969-இல் அவர் பதிந்த தாளத் துணுக்கொன்றும் அவ்வாறே எண்ணற்ற பாட்டுகளில் ஏறிற்று. பாட்டின் உரிமை பாடகர் பெயரில். தாளம் கண்டவர்க்கு ஆக்கியோன் என்னும் பெயரும் இல்லை, அதற்குரிய பங்கும் இல்லை. 2017-இல் அவரும் மறைந்தார். பாட்டெழுதினோர்க்கும் மெட்டமைத்தோர்க்கும் உரிமை வழங்கும் சட்டங்கள், தாளம் கண்டவனை வாயிலிலேயே நிறுத்திவிடுகின்றன. தாளம் பொதுச்சொத்தாம், அதன்மேல் எழுப்பிய மாளிகை மட்டும் தனியுடைமையாம்!

துணுக்குத் திருட்டின் காலம் முடிந்து, இப்போது முழுக் கையையே கற்றுக்கொள்ளும் காலம் வந்திருக்கின்றது. 2019-இல் கூகுள் நிறுவனத்தின் மசெந்தா என்னும் ஆய்வுக் குழு தாளப்பதிவுத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. 10 முழவர்கள் மின்முழவில் வாசித்த 13.6 மணி நேரப் பதிவு அது. 1,150 கோப்புகளும் 22,000-க்கு மேற்பட்ட தாளவட்டங்களும் கொண்டது. முழவரின் கை ஒவ்வோர் அடியிலும் கட்டத்திலிருந்து எவ்வளவு முந்துகின்றது, எவ்வளவு பிந்துகின்றது, எவ்வளவு அழுத்துகின்றது என்பதையெல்லாம் அத்தொகுப்பிலிருந்து பொறி பயின்றது. அதன் பயனாக, ஒருவர் விரலால் மேசைமேல் தட்டிய வெறுந்தட்டை வாங்கி முழு முழவிசையாக்கித் தரவும், உயிரற்ற கட்டத் தாளத்துக்கு உயிர்ச்சாயல் பூசவும் அம்மென்பொருள் கற்றுக்கொண்டது.

அம்முழவருள் தொழில்முறைக் கலைஞரை ஊதியம் கொடுத்தே அமர்த்தினர். தொகுப்பையும் எவரும் பயன்கொள்ளுமாறு திறந்தே வெளியிட்டனர். அவ்வளவில் அது முறையான செயலே. ஆனால் அத்தொகுப்பில் முழவரின் பெயர்கள் இல்லை. முதலாம் முழவர், இரண்டாம் முழவர் என்று எண்கள் மட்டுமே உள்ளன. பல்லாண்டுப் பயிற்சியால் ஒருவன் கையில் ஊறிய தனிநடை, எண்ணிட்ட கோப்பாக மாறிற்று. நாளை அந்நடையில் பல்லாயிரம் பாட்டுகள் ஒலிக்கலாம்; அது யாருடைய நடை என்று கேட்பவர்க்கு விடை சொல்ல ஒருவருமிலர்.

நான்கில் அடங்காத பாட்டு

அத்தொகுப்பைப் பற்றி மேலும் இரண்டு செய்திகள் உண்டு. ஒன்று, அதிலுள்ள வாசிப்புகள் தாளக்கணக்கியின் சீரான தட்டொலியைக் கேட்டுக்கொண்டே வாசிக்கப்பட்டவை. மற்றொன்று, அவற்றுள் மிகப் பெரும்பகுதி நான்கு தட்டுத் தாளம். பொறி உண்ட உணவு இது. உண்ட உணவுதானே உடம்பாகும்? நான்கை உண்டு வளர்ந்த பொறி, எப்பாட்டைக் கேட்டாலும் அதில் நான்கையே தேடும். இல்லாத இடத்திலும் நான்கையே காணும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான்குக்குள் அடங்காத பாட்டைப் பொறியும் கோணல் என்றே கொள்ளும், நிமிர்த்தத் தொடங்கும்.

இங்கேதான் இவ்வழக்குத் தமிழரின் வாயிலுக்கு வருகின்றது. தமிழ்ப் பாடகரும் இன்று இதே மென்பொருள்களில்தான் பதிகின்றனர். தமிழரின் பாட்டோ மூன்று, நான்கு, ஐந்து, ஏழு, ஒன்பது என ஐவகை நடைகளில் நடந்து பழகியது. அருணகிரிநாதரின் திருப்புகழில் ஒவ்வொரு பாட்டின் வண்ணமும் தனக்குரிய தாளத்தைத் தானே ஈன்றெடுக்கின்றது. அங்கே சொல்லே தாளம். எழுத்தின் வன்மையும் மென்மையுமே அடியின் வலிவும் மெலிவும். குறிலை நெடிலாக இழுத்தால் அங்கே தாளம் மட்டுமன்று, சொல்லும் கெடும். சொல் கெட்டால் பொருளும் கெடும். கட்டத்துக்காகச் சொல்லை இழுக்கும் மென்பொருளுக்குக் குறிலும் ஒன்றே, நெடிலும் ஒன்றே. படம் என்பதும் பாடம் என்பதும் அதற்கு வேறுவேறு நீளமுள்ள இரண்டு ஒலிகள், அவ்வளவே.

எடுப்பு என்னும் நுட்பத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுப் பாடகர் பாட்டை எப்போதும் தாளத்தின் முதல் தட்டிலேயே தொடங்குவதில்லை. அரை இடம் தள்ளி எடுக்கும் பாட்டு உண்டு. முக்கால் இடம் தள்ளி எடுக்கும் பாட்டு உண்டு. தட்டுக்கு முன்பே எடுக்கும் பாட்டும் உண்டு. பாட்டுக்கும் தாளத்துக்கும் நடுவே அந்தச் சிறு இடைவெளியில் ஓர் ஊடல் நிகழ்கின்றது. அதுவே அப்பாட்டின் அழகு. ஒலி மேட்டைத் தேடும் பொறியோ, சொல் தொடங்கிய இடத்தையே முதல் தட்டென்று கொள்ளத் தலைப்படும். அவ்வாறு கொண்டால், பாட்டு முழுவதும் இடம் பெயர்ந்து, ஊடல் ஒழிந்து, தண்டவாளத்தில் ஓடும் வண்டிபோல் ஓசை மட்டும் எஞ்சும்.

விருத்தம் என வழங்கும் பாட்டுக்குத் தாளமே இல்லை. பாடுவோரின் மூச்சும் பொருளின் கனமுமே அதன் அளவுகோல். ஒப்பாரியில் தாயின் விம்மல் எங்கே நிற்குமோ அங்கேதான் அடி நிற்கும். தாளம் இல்லை என்று விடை சொல்ல விற்பனைப் பொறிக்கு வாயில்லை. கேட்டால் ஏதேனும் ஒரு தாளத்தைத் தந்தே தீரும். விம்மலை நான்காக வகுத்து அதன்கீழ் முழவொலி சேர்த்துக் கொடுக்கும். அதைக் கேட்டுக் கண்ணீர் வருமாயின், அது வேறு கரணியம் பற்றி வரும் கண்ணீர்.

இது பொறிகளைப் பழிக்கும் புலவர்களின் மனக்குறை மட்டுமன்று. அத்துறை அறிஞரே ஒப்பிய உண்மை. பார்சலோனா நகரின் பொம்பேயு பாபிரா பல்கலைக்கழகத்தில் 2011-இல் ஐரோப்பிய ஆய்வுப் பேரவையின் நல்கையால் ஓர் ஆய்வுத் திட்டம் தொடங்கப்பட்டது. மேலையிசைக்காகச் செய்யப்பட்ட கணிப்பு முறைகள் பிற மக்களின் இசைகளுக்குப் போதா. அவ்வவ் இசையின் உள்ளறிவைக் கொண்டே கருவி செய்ய வேண்டும் என்பதே அத்திட்டத்தின் அடிப்படைக் கருத்து. கருநாடக இசை என்று பெயரிட்டு வழங்கப்படும் தென்னாட்டிசையும் அதில் ஆராயப்பட்டது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் பங்கேற்றது. அத்திட்டத்தின் வழியே அவ்விசைக்கெனத் தாளக்குறிப்பு இட்ட 176 பதிவுகளின் தொகுப்பு ஒன்று உருவாயிற்று. நன்றிக்குரிய பணி. ஆயினும் அதில் இடம்பெற்றவை நான்கே தாளங்கள். தவிலும் பறையும் உடுக்கையும் பம்பையும் முழங்கும் ஊர்த் தாளங்கள் அதில் இல்லை. அயல்நாட்டார் முயன்று தொடங்கியதைத் தொடர்ந்து முடிக்க வேண்டிய கடமை யாருடையது?

தண்ணுமையோன் செய்த பணி

முழவரின் பணி எது என்பதைத் தமிழர் நெடுங்காலத்துக்கு முன்பே வரையறுத்து வைத்துள்ளனர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என அறுவரின் தகுதிகள் அடுத்தடுத்துக் கூறப்படுகின்றன. தண்ணுமையோனுக்குக் கைத்திறம் மட்டும் போதும் என்று இளங்கோவடிகள் கருதவில்லை. ஆடலும் பாடலும் இசையும் தமிழும் அவன் அறிந்திருக்க வேண்டும். குழலும் யாழும் குரலும் எங்கே குறைகின்றனவோ அங்கே நிரப்ப வேண்டும். எங்கே மிகுகின்றனவோ அங்கே அடக்க வேண்டும். அவ்வாறு செய்வதும் வெளியே தெரியாவண்ணம் செய்தல் வேண்டும்.

குறைந்த இடத்தை நிரப்புதல், மிகுந்த இடத்தை அடக்குதல் என்னும் இவ்விரு செயல்களிலேயே முழவுக்கலையின் உயிர் முழுவதும் அடங்கியுள்ளது. பாடகர் மூச்சு வாங்கும் நொடியில் முழவர் ஒரு சிறு கோவையால் அவ்விடத்தைத் தாங்குகின்றார். உயிரான சொல் வரும்போது கையை ஒடுக்கி வழிவிடுகின்றார். அடி தவறிய பாடகரை அவையோர் அறியாமல் கைகொடுத்துத் தூக்கி நிறுத்துகின்றார். இவை யாவும் ஒருவரை ஒருவர் நோக்கும் நோக்கால் நிகழ்வன. முன்பே பாடி முடித்த பாட்டின்மேல் பின்பு தாளத்தை ஒட்டும் பொறிக்கு அந்நோக்கு எங்கிருந்து வரும்? அதன் தாளத்தைக் கேட்டுப் பாடகரும் தம் பாட்டை மாற்றிக்கொள்ள இயலாது. அவ்விருவரிடையே உரையாடல் இல்லை. ஒட்டுவேலை மட்டுமே உண்டு.

மறுப்பார்க்கு மறுமொழி

ஏழைப் பாடகன் ஒருவன் முழவரை அமர்த்தப் பொருளில்லாமல் தவிக்கும்போது இப்பொறி அவனுக்குக் கைகொடுக்கின்றதே என்று சிலர் கேட்பர். மெய்யே. தனியே பயிலும் மாணவனுக்கும், மெட்டொன்றை உருவாக்கிப் பார்க்கும் இசையமைப்பாளனுக்கும், வாய்ப்பற்ற ஊரில் வாழும் பாடகனுக்கும் இது நற்றுணையே. பயிற்சிக்குப் பயன்படும் துணையை எவரும் தடுக்க வேண்டா. ஆயின் ஏழையின் பெயரால் நுழையும் கருவி ஏழையின் வீட்டோடு நின்றுவிடுமா என்று கேட்க வேண்டும்.

இதற்கு விடை தமிழ்நாட்டுக் கோயில்களில் கிடைக்கும். நாகசுரமும் தவிலும் முழங்கிய கோயில்கள் பலவற்றில், இரும்புச் சட்டத்தில் முரசையும் மணியையும் பிணைத்து மின்விசையால் அடிக்கும் பொறி இன்று நிற்கின்றது. பொத்தானை அழுத்தினால் ஓசை, விடுத்தால் அமைதி. வருவாயில்லாச் சிறு கோயிலுக்கு வேறு வழியில்லை என்று சொல்லித்தான் அது நுழைந்தது. பின்னர் வருவாயுள்ள கோயில்களிலும் இடம் பிடித்துக்கொண்டது. விழா நாளில் மட்டும் அழைக்கப்படும் தவில் கலைஞன், எஞ்சிய நாள்களில் வேறு கூலி வேலை தேடுகின்றான். தந்தையின் நிலையைக் கண்ட மகன் தவிலைத் தொடத் தயங்குகின்றான். ஒரு தலைமுறை தொடவில்லையாயின் அக்கலையை மீட்க எந்தக் கணினியால் இயலும்?

வளர்ச்சியைத் தடுக்கலாமா என்று இன்னொரு சாரார் கேட்பர். வளர்ச்சி என்பது கூடுதலேயன்றிக் குறைதலன்று. ஐந்து நடை இருந்த இடத்தில் ஒரு நடை எஞ்சுமாயின் அதற்குத் தேய்வு என்று பெயர். பத்துக் கலைஞர் உண்ட இடத்தில் ஒரு நிறுவனம் உண்ணுமாயின் அதற்குச் சுரண்டல் என்று பெயர். பெயரை மாற்றிச் சொல்வதால் பொருள் மாறிவிடாது.

செய்ய வேண்டுவன

வெறும் கூக்குரல் பயன் தராது. செய்ய வேண்டியவை தெளிவாகவே உள்ளன.

முதலாவது, பொறிக்குப் பயிற்சியளிக்க எடுக்கப்படும் ஒவ்வொரு தாளப்பதிவுக்கும் முழவரின் இசைவு பெறப்பட வேண்டும். அவர் பெயரும் ஊரும் பதிவோடு பிரியாமல் இணைக்கப்பட வேண்டும். அப்பதிவால் பெறும் வருவாயில் அவர்க்குத் தொடர்ந்து பங்கு வேண்டும். ஒருமுறைக் கூலி கொடுத்து ஒருவன் கையின் நடையை என்றென்றைக்குமாக எழுதி வாங்கும் முறை ஒழிய வேண்டும்.

இரண்டாவது, 1981-இல் தஞ்சையில் நிறுவப்பெற்ற தமிழ்ப் பல்கலைக்கழகமும், தமிழ்நாட்டு இசைக்கல்லூரிகளும், 1943-இல் தோன்றிய தமிழிசைச் சங்கமும் கைகோத்துத் தமிழ்த் தாளத் தொகுப்பொன்றை உருவாக்க வேண்டும். தாளக்கணக்கியின் தட்டொலிக்கு அடிமையாகாமல், பாடகரும் முழவரும் ஒருவரையொருவர் நோக்கி இசைத்த பதிவுகளாக அவை இருக்க வேண்டும். நடை இது, எடுப்பு இது, வண்ணம் இது, இப்பாட்டுக்குத் தாளமில்லை என்பன போன்ற குறிப்புகளைத் தமிழறிந்த முழவரே இட வேண்டும். அத்தொகுப்பின் உரிமை இசைத்த கலைஞர்களிடமே இருக்க வேண்டும். உலக இசை என்னும் மூலையறையில் பத்தோடு பதினொன்றாகப் பறையொலித் துணுக்கு இரண்டைக் கண்டு மகிழும் சிறுமை அன்றுதான் நீங்கும்.

மூன்றாவது, தமிழ்ப் பாட்டைப் பதிவோர் பாட்டின்பின் தாளம் நடக்கும் வழியையே கொள்ள வேண்டும். தாளத்துக்காகக் குறிலை நெடிலாக்கும் பதிவை வெளியிடப் பாடகர் உடன்படலாகாது. அது அவர் குரலின் மானம்.

நான்காவது, கோயில்களும் பொதுவிழா நடத்துவோரும் பொறிக்குச் செலவிடுமுன் அவ்வட்டாரக் கலைஞனைத் தேட வேண்டும். கிடைக்காவிடத்துப் பொறி இருக்கட்டும். கிடைக்குமிடத்துக் கலைஞன் இருக்க வேண்டும்.

ஐந்தாவது, பள்ளிப் பிள்ளைகளுக்குக் கையால் தாளம் போடக் கற்பிக்க வேண்டும். ஏழு எண்ணத் தெரிந்த பிள்ளையை நான்கே உலகம் என்று சொல்லி எந்தப் பொறியாலும் ஏமாற்ற இயலாது.

செயற்கை நுண்ணறிவு வரட்டும். வந்து முழவனின் அருகே மாணவனாக அமரட்டும். பாட்டைக் கேட்கட்டும், சொல்லைக் கேட்கட்டும், பாடுவோரின் மூச்சைக் கேட்கட்டும். யாரிடம் கற்றது என்று கேட்டால் ஆசிரியனின் பெயரைச் சொல்லட்டும். கற்பித்த கைக்கு உரியதைக் கொடுக்கட்டும். அதற்கு இசையாத பொறி, எத்துணை விரைவாகத் தாளம் கோத்துத் தந்தாலும், கோல்மனின் 7 நொடியைக் கவர்ந்த பழைய திருட்டின் புதிய உருவமே. பாட்டு முன்னே நடக்க வேண்டும். தாளம் அதனோடு நடக்க வேண்டும். பொறி பின்னே வர வேண்டும். இவ்வரிசை மாறாமல் காப்பது தமிழ் பாடுவோர், முழவிசைப்போர், கேட்போர் அனைவரின் கடமையுமாகும்.